மயிலைக் காளைகள் யாருக்கு?

தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவரையே வேர்த்து விறுவிறுக்க வைத்த வழக்கு இது. காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். கடைசியில் தீர்ப்பு உங்கள் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

உடுமலைப் பக்கத்து ஊர் ஒன்றில் நாச்சிமுத்து, வெள்ளியங்கிரி என்று இரண்டு விவசாயிகள். நாச்சிமுத்துவின் தங்கையைத்தான் வெள்ளியங்கிரி கட்டியிருந்தார். ரேக்ளா என்னும் மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் இருவருக்கும் சோறு தண்ணி வேண்டாம். சந்தையில் நூறு கன்றுகளுக்கு நடுவே சாம்பல் பூத்த வெள்ளை நிறத்தில் ஒரு ஜோடி மயிலைக் கன்றுகளைக் கண் வைத்து, காசு கொடுத்துப் பிடித்தவர் நாச்சிமுத்து. அவற்றைத் தன் தோட்டத்தில் தன் செலவில் தீனி போட்டு வளர்த்து, வண்டியில் பூட்டி, காற்றாய்ப் பறக்கப் பழக்கியவர் வெள்ளியங்கிரி. முதல் பெரிய பந்தயத்திலேயே காளைகள் எல்லா வண்டிகளையும் பின்னால் தள்ளிவிட்டு வந்தன. கூட்டம் துண்டைச் சுழற்றிக் கூத்தாடியது. அந்த ஆரவாரத்திலேயே சண்டையும் பிறந்தது. "காளை என்னோடது" என்றார் ஒருவர். "உன்னோடதா? யாரு சொன்னது?" என்றார் மற்றவர்.

இருவரும் தனித்தனியாக வக்கீலிடம் ஓடினார்கள். இரண்டு வக்கீல்களும் ஒன்றையே சொன்னார்கள். "கோர்ட்டுத் தீர்ப்பு வர்றதுக்குள்ள காளைக்கு வயசாயிடும். ரெண்டு பேரும் நம்புற ஒருத்தரை நடுவராப் போட்டு, அவங்க சொல்றதுக்குக் கட்டுப்படுங்க. சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு."

இருவரும் நம்பிய ஒரே ஆள் கால்நடை மருத்துவர் கோகிலவாணி. அவர் ஒப்புக்கொண்டார். உடன்படிக்கையை எல்லோர் முன்பும் உரக்க வாசித்தார்: "காளைகளுக்கு எந்தக் கெடுதலும் வரக்கூடாது என்பதற்காக, தீர்ப்பு வரும்வரை அவை பொதுவான ஒரு தொழுவத்தில் நிற்கும். இருவரில் யாரும் அதற்குள் காலடி வைக்கக் கூடாது. வைத்தவர் உரிமை இழப்பார். காளைகள் யாருக்கு என்பதில் நடுவர் சொல்வதே முடிவு." இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சாட்சிகளை எல்லாம் விசாரித்து முடித்தாயிற்று. தீர்ப்பு நாளும் வந்தது. தென்னந்தோப்பில், தொழுவத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார் கோகிலவாணி. ஊரே திரண்டிருந்தது. தொண்டையைச் செருமி, "நான் விசாரிச்ச வரைக்கும்..." என்று அவர் தொடங்கியதுதான் தாமதம், படாரென்று ஒரு சத்தம்!

தோப்போரமாக வைக்கோல் ஏற்றிப் போன லாரி மின்கம்பியில் உரசிவிட்டது. பொறி பறந்து தொழுவத்தை ஒட்டியிருந்த சோளத்தட்டுப் போரில் விழுந்தது. காற்று வேறு. கண் மூடித் திறப்பதற்குள் தொழுவத்துக் கூரை பற்றிக்கொண்டது. உள்ளே காளைகள் கதறின.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார்கள். வாசல்வரை தோளோடு தோளாக ஓடினார்கள். வாசலில் நாச்சிமுத்துவின் கால் நின்றது. வெள்ளியங்கிரியின் கால் நிற்கவில்லை. துண்டைத் தொட்டித் தண்ணீரில் முக்கித் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே புகுந்தார். நாச்சிமுத்து சும்மா நிற்கவும் இல்லை. மோட்டார் ரூமுக்கு ஓடி மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பைப்பை இழுத்துவந்து கூரைமேல் தண்ணீரைப் பீய்ச்சினார். "மாப்ள, சீக்கிரம்! உத்தரம் சாயுது!" என்று அடித்தொண்டையில் கத்தினார்.

புகைக்குள்ளிருந்து முதல் காளை பாய்ந்து வந்தது. அடுத்தது வரவில்லை. கோகிலவாணி நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவந்தார். பிறகு அதுவும் வந்தது, கயிற்றைப் பிடித்தபடி வெள்ளியங்கிரியையும் இழுத்துக்கொண்டு. அவர்கள் வெளியே விழவும் கூரை உள்ளே விழவும் சரியாக இருந்தது.

கூட்டம் விசிலடித்து ஆர்ப்பரித்தது. வெள்ளியங்கிரியின் வலது கை முழங்கைவரை வெந்துபோயிருந்தது. கோகிலவாணி அந்தக் கையைக் கழுவிவிட்டுக்கொண்டிருக்கும்போதே நாச்சிமுத்து எதிரே வந்து நின்றார்.

"ஏனுங்க டாக்டரம்மா, எனக்கும் உள்ள ஓடத் தெரியாதுங்களா? கையெழுத்துப் போட்ட பாவத்துக்குத்தான் நெஞ்சைக் கல்லாக்கிட்டு வெளிய நின்னேன். நிபந்தனை நிபந்தனைதானுங்களே?"

"காளையே கரிக்கட்டையாப் போச்சுன்னா தீர்ப்பை யாருக்குங்க சொல்லுவீங்க?" என்றார் வெள்ளியங்கிரி, வலியில் பல்லைக் கடித்தபடி.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. எழுதியபடி பார்த்தால், உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியவர் காளைகளை இழக்க வேண்டும். அதைத் தள்ளிவிட்டால், வாக்கைக் காப்பாற்றியவர் ஏமாளியாக வேண்டும். கோகிலவாணிக்கு அதிகாரம் தந்ததே அந்தக் கையெழுத்துகள்தான்.

வாக்கை மீறி உள்ளே போனவர், வாக்குக்காக வெளியே நின்றவர்: இதில் யார் செய்தது சரி? காளைகள் யாருக்கு?

விடை: இருவர் செய்ததும் சரி. காளைகளுக்குக் கெடுதல் வரக்கூடாது என்பதற்காகப் போட்ட நிபந்தனை அது. கெடுதலிலிருந்து அவற்றைக் காக்கப் போனவர் அதை மீறியவர் ஆகமாட்டார். வெளியே நின்றவரோ வாக்கையும் காத்தார், தண்ணீரைப் பீய்ச்சிக் காளைகளைக் காக்கவும் பாடுபட்டார். ஆனால் வீரத்துக்குப் பரிசாகக் காளைகளைத் தூக்கிக் கொடுக்கவும் நடுவருக்கு உரிமை இல்லை. யாருக்குச் சொந்தம் என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. யார் தைரியசாலி என்பதல்ல. அதனால், தீ பிடிப்பதற்கு முன் சொல்ல இருந்த தீர்ப்பையே ஓர் எழுத்தும் மாற்றாமல் சொன்னார் கோகிலவாணி: தேடிப் பிடித்தவருக்கும் பழக்கியவருக்கும் காளைகள் சரிபாதி சொந்தம், ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் அவற்றை வண்டியில் பூட்டக் கூடாது. இருவரும் கட்டுப்பட்டார்கள். வெள்ளியங்கிரியின் கைக்கட்டுப் பிரிவதற்குள் அடுத்த பந்தயம் வந்துவிட்டது. அன்று வண்டியில் ஏறிக் கயிற்றைப் பிடித்தவர் நாச்சிமுத்து. "விடாதீங்க மச்சான், விடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, கட்டுப்போட்ட கையை ஆட்டியபடி, பாதையோரமாக ஓடினார் வெள்ளியங்கிரி.