தும்பை சுமந்த மூன்று ரகசியங்கள்

"தும்பைகிட்ட எதை வேணாலும் சொல்லலாம். மண்ணுல புதைச்ச மாதிரி. வெளியே வராது."

புதருக்கு அந்தப் பக்கம் மந்தி பவளக்கொடி கீரியிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது. புதருக்கு இந்தப் பக்கம் உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்த சருகுமான் தும்பையின் காதில் அது தற்செயலாக விழுந்தது.

தும்பைக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. சருகுமான் என்றால் முயலைவிடச் சற்றே பெரிய மான். அதிலும் தும்பை சின்ன உடம்புக்காரி. யாராவது உரக்கப் பேசினாலே அதன் கால்கள் நடுங்கும். நான்கு பேர் கூடிய இடத்தில் அது வாய் திறந்ததே இல்லை. ஆனால் அதன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

காட்டின் நடுவே ஒரு பெரிய ஏரி இருந்தது. ஏரிக்குள் மூன்று தீவுகள். தெப்பம் கட்டிக்கொண்டு போய் அந்தத் தீவுகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஐந்து நண்பர்கள் மூன்று மழைக்காலமாகப் பேசிக்கொண்டிருந்தன. ஒரு முறை மந்திக்குப் பிரசவம். ஒரு முறை கீரிக்குக் காலில் அடி. போன முறை எந்தத் தீவுக்கு முதலில் போவது என்பதில் சண்டை. இந்த ஆண்டு நீர்நாய் செங்கோடன் யாரையும் கேட்காமல் மூங்கில் வெட்டித் தெப்பத்தைக் கட்டியே விட்டது. மேலே மெத்தென்று கோரைப்புல் பரப்பியது. பிறகு எல்லோரையும் கூப்பிட்டது.

"மூணு நாள் கழிச்சுக் காலையில கிளம்புறோம். மூணு தீவையும் சுத்திட்டு வெயில் சாயறதுக்குள்ள கரைக்கு வந்துடுறோம். யாருக்கு என்ன வேணும், இப்பவே சொல்லிடுங்க."

"எனக்கு நிழல் பக்கம் இடம் வேணும். குட்டிக்கு வெயில் ஆகாது" என்றது பவளக்கொடி. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி இருந்தது.

"தெப்பத்துல ஏது நிழல் பக்கம்? சூரியன் நகர நகர நீயும் நகர்ந்துக்கோ" என்றது கீரி பரட்டை.

"சாப்பாடு?" என்று கேட்டது முள்ளம்பன்றி ஈட்டியப்பன். அது மூன்றாவது முறையாகக் கேட்டது.

"தீவுல அத்திப்பழம் கொட்டிக் கிடக்கு" என்றது செங்கோடன்.

"கொட்டிக் கிடக்குன்னு யார் பார்த்தது?"

செங்கோடன் கரைப் பக்கம் திரும்பியது. ஐந்து கற்களை உருட்டி வந்து தெப்பத்தின் மேல் வைத்தது. தெப்பம் கொஞ்சம் அமிழ்ந்து நின்றது.

"அஞ்சு பேருக்கு அஞ்சு கல்லு. பார்த்துக்கோங்க. இதுக்கு மேல ஒரு ஆள் வந்தாலும் சரி, ஒரு மூட்டை வந்தாலும் சரி, பயணமே கிடையாது. தெப்பத்தைப் பிரிச்சுப் போட்டுடுவேன். நடு ஏரியில முதலைங்க இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டின. "தும்பை, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டது செங்கோடன். தும்பை சொல்ல வாயெடுப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அன்று பிற்பகல் பவளக்கொடி தும்பையைத் தேடி வந்தது.

"அடியே, ஒரு விஷயம். என் மாமியாருக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னை விட்டுட்டு ஊர் சுத்தப் போறியான்னு காலையிலேர்ந்து ஒரு இலையைக்கூடத் தொடல. அதனால, திருப்பத்துல ஏரிமேல சாய்ஞ்சு நிக்குதே நாவல் மரம், அதுல உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கேன். நாம அடியில போகும்போது குதிச்சுடுவாங்க. குதிச்ச பிறகு செங்கோடன் என்ன பண்ணுவார்? பாதி வழியில தெப்பத்தைப் பிரிக்கவா முடியும்?"

தும்பை விழித்தது.

"யார்கிட்டயும் சொல்லாதே. என் குட்டி மேல சத்தியம் பண்ணு."

தும்பை குட்டியின் தலையில் மூக்கை வைத்துச் சத்தியம் செய்தது. ஒருவர் கூடினால் என்ன ஆகிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டது.

மறுநாள் பரட்டை வந்தது. "தும்பை, என் மச்சான் ஒருத்தன் இருக்கான். அவனை விட்டுட்டுப் போனா எங்க அக்கா என் வாலைக் கடிச்சே எடுத்துடும். வழுக்கைப் பாறைக்கிட்ட நிப்பான். பூ மாதிரி ஏறிடுவான். உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தும்பை தண்ணீர் குடிக்க ஏரிக்குப் போனது. அங்கே ஈட்டியப்பன் இலையில் கட்டிய மூட்டைகளைத் தெப்பத்தின் மேல் ஏற்றிக் கோரைப்புல்லுக்கு அடியில் ஒளித்துக்கொண்டிருந்தது. நான்கு மூட்டைகள்.

"பார்த்துட்டியா?" என்றது ஈட்டியப்பன். அதன் முட்கள் மெல்லச் சிலிர்த்தன. "கிழங்கு. ஒரு மாசமாத் தோண்டினது. போன பஞ்சத்துல என் பிள்ளை ஒண்ணு பசியிலேயே போயிடுச்சு. அதுலேர்ந்து கையில சாப்பாடு இல்லாம நான் எங்கேயும் போறதில்லை. செங்கோடனுக்கு இதெல்லாம் புரியாது. நீ பார்க்கவே இல்லை, சரியா தங்கச்சி?"

தும்பை தலையாட்டியது. இப்படி மூன்று ரகசியங்கள் அதனிடம் வந்து சேர்ந்தன.

அது நேரே ஒரு காய்ந்த பனம்பாளையைத் தேடி எடுத்தது. ஓரமாகத் தண்ணீரில் மிதக்க விட்டு, கூழாங்கற்களை ஒவ்வொன்றாக வைத்தது. ஐந்து கல் வரை பாளை அசையவில்லை. மச்சானுக்காக ஆறாவது கல். பாளை தாழ்ந்தது. மாமியாருக்காக ஏழாவது கல். பாளையின் விளிம்பைத் தண்ணீர் தொட்டது. நான்கு மூட்டைகளுக்கும் சேர்த்து எட்டாவது கல்லை வைத்ததுமே தண்ணீர் உள்ளே புகுந்தது.

தும்பை செங்கோடனிடம் ஓடியது.

"அண்ணே… இன்னும் நாலு மூங்கில் சேர்த்துக் கட்டினா நல்லா இருக்குமோ?"

செங்கோடன் கண்ணைச் சுருக்கியது. "ஏன்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

தும்பைக்குத் தான் கொடுத்த மூன்று வாக்குகளும் நினைவுக்கு வந்தன.

"இல்லை. சும்மாதான் கேட்டேன்."

"என் கட்டுமேல நம்பிக்கை இல்லைன்னா நீ கரையிலேயே இரு தும்பை. யாரும் உன்னை வற்புறுத்தலை."

தும்பை தலையைக் குனிந்துகொண்டு திரும்பியது.

காலையில் எல்லோரும் தெப்பத்தில் ஏறின. செங்கோடன் தலையில் ஒரு தாமரை இலையைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் நீண்ட கழியோடு முன்னால் நின்றது. "தெப்பத் தலைவன் இன்னிக்கு நனைய மாட்டான்" என்று அறிவித்தது.

"இன்னிக்காவது காய்ஞ்சு நில்லு" என்றது பரட்டை. எல்லோரும் சிரித்தன.

மந்திக்குட்டி தாயின் மடியிலிருந்து கையை நீட்டித் தண்ணீரைத் தொடப் பார்த்தது. கை எட்டவில்லை. தும்பை அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.

வழுக்கைப் பாறை வந்தது. பாறையிலிருந்து பரட்டையின் மச்சான் தாவித் தெப்பத்தில் குதித்தது. தெப்பம் ஒரு குலுங்கு குலுங்கியது.

"யாருடா இவன்?" என்று கத்தியது செங்கோடன்.

"நம்ம மச்சான்தான் அண்ணே. ஒருத்தன்தானே" என்றது பரட்டை.

"நான் மூச்சை அடக்கிக்கிட்டு உட்கார்ந்துக்கிறேன், கனம் தெரியாது" என்றது மச்சான்.

செங்கோடன் பல்லைக் கடித்தது. "ஆறு தாங்கும். ஆறோட சரி. இன்னொருத்தன் வந்தா முதல்ல உன்னைத்தான் தண்ணியில தள்ளுவேன்."

ஈட்டியப்பன் தும்பையைப் பார்த்து, வேண்டாம் என்பது போல மெல்லத் தலையசைத்தது. பவளக்கொடி பக்கத்திலிருந்து தும்பையின் விலாவைக் கிள்ளியது. மந்திக்கு மூட்டையைப் பற்றித் தெரியாது. முள்ளம்பன்றிக்கு மாமியாரைப் பற்றித் தெரியாது. தன் ரகசியம் ஒன்றுதான் பாக்கி, அதைத் தெப்பம் தாங்கிவிடும் என்று இரண்டும் நம்பின.

குட்டியின் விரல் நுனி இப்போது தண்ணீரைத் தொட்டது.

நான் இறங்கிவிட்டால் என்ன என்று தும்பைக்குத் தோன்றியது. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். பாறை இன்னும் பக்கத்தில்தான் இருந்தது, ஒரே தாவல். ஆனால் அதற்குத் தன் கனம் தெரியும். அது ஒரு கிழங்கு மூட்டைக்குக்கூட ஈடாகாது. அது இறங்கினால் அது மட்டும் பிழைக்கும். அவ்வளவுதான்.

பாறை பின்னால் நகர்ந்து போனது.

கோரைப்புல்லின் ஓரம் நனைந்து கனக்கத் தொடங்கியது. குட்டி இப்போது உள்ளங்கையால் தண்ணீரை அடித்து விளையாடியது. "பாருங்க, பாருங்க, என் செல்லம் துடுப்புப் போடுது" என்றது பவளக்கொடி. பரட்டையும் மச்சானும் பாட ஆரம்பித்தன.

தூரத்தில் நாவல் மரம் தெரிந்தது. ஏரியின் மேல் சாய்ந்த கிளையிலிருந்து ஒரு நீண்ட வால் தொங்கிக்கொண்டிருந்தது.

"திருப்பம் தாண்டினா கழி எட்டாது" என்றது செங்கோடன். "அங்க ஏரியில வந்து விழுற காட்டாத்துத் தண்ணி நம்மளை நடு ஏரிக்கு இழுத்துட்டுப் போகும். கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

நடு ஏரியில் இரண்டு கட்டைகள் மிதந்தன. அவற்றில் ஒரு கட்டை கண்ணைத் திறந்தது.

"அண்ணே" என்றது தும்பை. பாட்டுச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

"அண்ணே, நிறுத்துங்க." குரல் பாதியில் உடைந்தது.

ஆபத்து வந்தால் சருகுமான்கள் காலால் தரையைத் தட்டும். தும்பையின் பின்னங்கால்கள் தாமாகவே மூங்கிலைத் தட்டத் தொடங்கின. தடதடவென்று தெப்பம் முழுக்க அதிர்ந்தது. பாட்டு நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தன. இத்தனை கண்கள் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னது.

"புல்லுக்கு அடியில நாலு மூட்டைக் கிழங்கு இருக்கு. ஈட்டியப்பன் அண்ணன் வெச்சது. அந்த நாவல் மரத்துல பவளக்கொடி அக்காவோட மாமியார் இருக்காங்க. நாம அடியில போனதும் குதிப்பாங்க. குதிச்சா தெப்பம் முழுகிடும். நான் கல்லு வெச்சுப் பார்த்துட்டேன்."



"என் குட்டி மேல சத்தியம் பண்ணினியேடி, பாவி" என்றது பவளக்கொடி.

"குட்டிக்காகத்தான் அக்கா சொன்னேன். அது கையைப் பாருங்க."

எல்லோரும் பார்த்தன. குட்டியின் கை முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தது.

செங்கோடன் கழியைச் சேற்றில் ஊன்றியது. தெப்பம் இழுத்தது. கழி வில்லாக வளைந்தது. "பரட்டை, மச்சான், வந்து கழியைப் பிடிங்க. ஈட்டியப்பா, மூட்டையைத் தள்ளு."

ஈட்டியப்பன் நகரவில்லை. புல்லின் மேல் படுத்துக்கொண்டு அத்தனை முட்களையும் விரித்தது. "யாரும் கிட்ட வராதீங்க. உன்னை நம்பினேன் தும்பை. உன்னை நம்பித்தானே எல்லாத்தையும் சொன்னேன்."

கழி சேற்றை உழுதுகொண்டே நகர்ந்தது. நாவல் மரத்தின் நிழல் தெப்பத்தின் மேல் விழுந்தது. மேலே மாமியார் மந்தி குதிக்கத் தயாராகக் குனிந்து நின்றது.

"அத்தை, குதிக்காதீங்க!" என்று அலறியது பவளக்கொடி.

"என்னது? வரச் சொல்லிட்டு இப்ப வேண்டாங்கிறியா? யார் சொல்லிக் கொடுத்தது?"

பவளக்கொடி தன் மாமியாரை எதிர்த்து ஒரு நாளும் பேசியதில்லை. "யாரும் சொல்லிக் கொடுக்கல. நீங்க குதிச்சா உங்க பேரன் செத்துடுவான், அத்தை."

மாமியாரின் கைகள் கிளையை இறுகப் பற்றிக்கொண்டன. தெப்பம் அதன் அடியில் மெல்ல ஊர்ந்தது.

கழி மளுக்கென்று கீறல் விட்டது. தண்ணீர் மூங்கிலுக்கு மேலே ஏறிப் புல்லுக்குள் ஓடி எல்லோருடைய பாதங்களையும் நனைத்தது. மிதந்த கட்டைகள் இரண்டும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. செங்கோடன் கத்தியது, கெஞ்சியது. அந்த முட்களுக்குப் பக்கத்தில் யாராலும் போக முடியவில்லை.

தும்பை மட்டும் நடந்து போனது. முட்களின் முனைகள் மூக்கில் படும் தூரத்தில் நின்றது. இந்த முறை அது கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"அண்ணே, உங்க பிள்ளை பசியில போனப்ப உங்களால எதுவும் செய்ய முடியல. இந்தக் குட்டியை உங்களால காப்பாத்த முடியும்."

ஈட்டியப்பன் அதை முறைத்துப் பார்த்தது. பிறகு குட்டியைப் பார்த்தது. குட்டி பயத்தில் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. ஈரக்கை மட்டும் வெளியே தெரிந்தது.

முட்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. ஈட்டியப்பன் எழுந்தது. தும்பையின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு, பல்லால் புல்லை இழுத்து விலக்கியது. முதல் மூட்டையை மூக்கால் உருட்டித் தண்ணீரில் தள்ளியது. பிறகு இரண்டாவதை, மூன்றாவதை. நான்காவது மூட்டையிடம் சற்று நின்றது. அதையும் தள்ளியது. தெப்பம் மெல்ல மேலே எழும்ப, செங்கோடன் கீறல் விட்ட கழியை ஊன்றி அதைக் கரைப் பக்கம் திருப்பியது.

நண்பனின் ரகசியத்தைக் காப்பது நல்ல குணம்தான். அது மற்றவர் உயிரைப் பறிக்கும் என்று தெரிந்த பின்னும் வாய் மூடி இருப்பது நட்பு ஆகாது.