வட்டியில்லாத கேரவன்

கோயமுத்தூரில் இட்லிக்கடை நடத்தும் சொர்ணாத்தாளுக்கு, படுக்கையும் அடுப்பும் வைத்த கேரவன் ஒன்று வாங்கி ஊர் ஊராகச் சுற்ற வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை. சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. செக் புத்தகத்தோடு ஷோரூமுக்குள் நுழைந்தாள்.

மேலாளர் வித்யாபதி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“பன்னிரண்டு லட்சம்மா. மொத்தமாக் கட்டினாலும் ஒரு ரூபா குறையாது. பேசாம தவணையில எடுங்க, வட்டியே கிடையாது!” என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி.

“வட்டியில்லாம எந்தப் புண்ணியவான் கடன் தர்றாருங்க?”

“கடன் கம்பெனிக்கு ஒன்றரை லட்சம் வட்டியை உங்களுக்காக நாங்களே கட்டிடுவோம். அவ்வளவு தாராளம்!”

சொர்ணாத்தாள் பதறிப்போய்க் கும்பிட்டாள். “ஐயோ, எனக்காக அவ்வளவு செலவு எதுக்குங்க? நான் கடனே வாங்கல. அந்த ஒன்றரை லட்சத்தைக் கழிச்சிட்டு, மிச்சத்துக்கு இப்பவே செக் வாங்கிக்குங்க.”

மேலாளர் கடையைச் சுற்றிப் பார்த்தார். அவர் சொன்னதைத்தான் எல்லோரும் கேட்டிருந்தார்களே!

பக்கத்து மேஜையில் அதே மாதிரி கேரவனுக்குத் தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போன பெரியவர் பேனாவை மூடினார். “அப்படின்னா எனக்கும் கடன் வேண்டாம் சார்.”

அன்று வித்யாபதி தலா பத்தரை லட்சத்துக்கு இரண்டு ரசீது எழுதினார்.