மரங்கொத்தி எழுதிய வெள்ள மணி

மரங்கொத்தி வேம்பிக்கு அலகு நுனி உடைந்துவிட்டது. காய்ந்த கருங்காலி மரத்தோடு மல்லுக்கட்டினால் வேறென்ன ஆகும்? இனி மரம் கொத்திப் பிழைக்க முடியாது.

வேம்பி மூலையில் முடங்கவில்லை. கணினியின் முன் போய் உட்கார்ந்தது. மழுங்கிய அலகால் தட்டித் தட்டி நிரல் எழுதக் கற்றுக்கொண்டது.

"மரம் கொத்துற வாய்க்குக் கோடிங் ஒரு கேடா?" என்று காகம் கேலி செய்தது. வேம்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்ன நெஞ்சுரம் பாருங்கள்!

ஆற்றங்கரை வளைகளில் முயல்கள் குடியிருந்தன. திடீரென்று வெள்ளம் வந்தால் குட்டிகளைக் காப்பாற்ற நேரமிருக்காது.

"தண்ணி ஏறினா மணியடிக்கிற மாதிரி ஒண்ணு எழுதிக் குடு தாயி" என்று மாறாயி முயல் கேட்டது. வேம்பிக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஆசையாக எழுதியது.

சோதனைக்காக, ஆற்றில் இருப்பதுபோலவே ஒரு குழியில் படிகள் கட்டினார்கள். தண்ணீர் மூன்றாம் படிக்கு வந்தால் மணி அடிக்க வேண்டும். யானை தும்பிக்கை நிறையத் தண்ணீரைக் கொட்டியது. படிகள் மூழ்கின. மணி அடிக்கவில்லை. முயல்களின் முகம் வாடிப்போயிற்று.

நரி மெல்ல அருகே வந்தது. "யானை ஒரேயடியா ஊத்திடுச்சுன்னு சொல்லிடு. ஆறு அப்படியா ஏறும்? உன் பேரும் கெடாது" என்று கிசுகிசுத்தது.

வேம்பிக்குச் சபலம் தட்டியது. தவறை ஒப்புக்கொண்டால் இந்தப் பிழைப்பும் போய்விடுமே! ஆனால் மாறாயியை ஒட்டி நின்ற குட்டிகள் கண்ணில் பட்டன.

"தப்பு என் மேலதான். எங்கேன்னு தேடுறேன்" என்றது வேம்பி.

மரத்தில் புழு தேடுவதுபோல ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்த்தது. கடைசியில் பிடிபட்டது. 'தண்ணீர் மூன்றாம் படியில் இருந்தால் மணியடி' என்றுதான் அது எழுதியிருந்தது. யானை கொட்டிய தண்ணீரோ ஒரே தாவலில் ஐந்தாம் படிக்குப் போய்விட்டது. மூன்றில் இல்லையே என்று கணினி சும்மா இருந்துவிட்டது. சொன்னதைத்தானே அது செய்யும்! 'மூன்றாம் படியிலோ அதற்கு மேலோ' என்று வேம்பி திருத்தியது. அன்றே மணியை ஆற்றுப் படிகளில் பொருத்தினார்கள்.

மறுநாளே மலையில் மழை கொட்டித் தீர்த்தது. ஆறு ஒரே மூச்சில் கரையேறியது. மணி கணகணவென்று அடித்தது. முயல்கள் குட்டிகளோடு மேட்டுக்கு ஓடின. வளைகள் எல்லாம் மூழ்கின. குட்டிகள் எல்லாம் பிழைத்தன.

"இனிமே இந்தக் காட்டுக்கு நிரல் எழுதுறது நீதான் தாயி" என்றது மாறாயி.

புதுத் தொழிலில் தவறு வருவது இயல்பு. அதைத் தன் தவறென்று ஏற்றுத் திருத்துபவரே அந்தத் தொழிலுக்கு உரியவர் ஆகிறார்.