தவிட்டுக்குளத்தார் காயப்போட்ட வயல்

தவிட்டுக்குளத்து ஆட்களுக்கு மூளை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மூளை தாராளமாகவே இருந்தது. தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வைரக்கண்ணுவின் வயல் மூழ்கிவிட்டது. பாவம், அவனுக்கு இருந்ததே அந்த ஒரு வயல்தான். அது போனால் அடுத்த வெள்ளாமைக்கு விதைநெல் வாங்கக்கூட வழியில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வடிகாலை வெட்டிவிட ஓடினான்.

வரப்பில் தலையாரி மறித்தார். "கை வைக்காதே! அதிகாரி வந்து பார்த்தாத்தான் நிவாரணம். அவர் வர்ற வரைக்கும் எல்லாம் இருக்கிறபடியே இருக்கணும். வடிகாலைத் தொட்டே, ஒண்ணும் கிடைக்காது."

அரசாங்கமே சொன்ன பிறகு அப்பீல் ஏது? சாய்ந்த வைக்கோல்போர் சாய்ந்தபடியே கிடந்தது. வைரக்கண்ணுவின் மச்சான் உத்திராபதி வெள்ளத்துக்குப் பயந்து புளியமரத்தில் ஏறியிருந்தான்.

"நான் இறங்கலாமா?" என்று மேலேயிருந்து கேட்டான்.

ஊர்த்தலைவர் கோதண்டபாணி தாடியைச் சொறிந்தார். "வெள்ளம் வந்தப்போ எங்கே இருந்தே?"

"இங்கேதான்."

"அப்போ அங்கேயே இரு. உன்னால ஊர் நிவாரணம் கெடக்கூடாது."

சோறும் குழம்பும் கயிற்றில் மேலே போயின.

அதிகாரி வரவில்லை. தண்ணீரோ தானாகவே வற்ற ஆரம்பித்தது. ஒரு பக்கம் பயிர்கூடத் தலை தூக்கியது. வைரக்கண்ணு அடித்துப் பிடித்துக்கொண்டு தலைவரிடம் ஓடினான்.

"தலைவரே, பாதிப்பு குறையுதே!"

"விடுவோமா?" என்றார் தலைவர். குளத்திலிருந்து ஆயில் இன்ஜினை வைத்து வயலுக்குத் தண்ணீர் இறைத்தார்கள். தலை தூக்கிய பயிர் மறுபடி மூழ்கியது. ஓடிப்போன தவளைகளைக்கூடத் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள்.

பங்குனி வெயிலில் ஒருவழியாக ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி வாயைப் பிளந்தார். "என்னய்யா இது! ஜில்லாவே வெடிச்சுக் கிடக்கு, இங்க மட்டும் தவளை கத்துது? மரத்துல யாரு?"

"வெள்ளப் பாதிப்புங்க ஐயா," என்றார் தலைவர்.

"வெள்ளக் கணக்கை முடிச்சாச்சு. அவனை இறங்கச் சொல்லு. இப்போ வறட்சி நிவாரணம். தண்ணி நிக்கிற வயலுக்கு நான் எப்படிய்யா எழுதுவேன்?"

வைரக்கண்ணு ஓவென்று அழுதுவிட்டான். அதிகாரிக்கே மனசு கேட்கவில்லை. "அடுத்த வாரம் வரேன். ஒரு சொட்டு ஈரம் இருக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

ஜீப் போனதும் ஊர் கூடியது. வடிகாலை வெட்டினால் என்ன என்று யாரோ கேட்டார்கள்.

"அதைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு இருக்கு. தொடலாம்னு இன்னும் யாரும் சொல்லலையே," என்றார் தலைவர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஆகவே ஊரிலிருந்த வேட்டி சேலையெல்லாம் வயலில் முங்கின. முதல் நாள் வரப்பில் நின்று வயலுக்குள்ளேயே பிழிந்தார்கள். மறுநாள்தான், கொஞ்சம் தள்ளிப்போய்ப் பிழிந்தால் என்ன என்று உத்திராபதிக்குத் தோன்றியது. கடைசியில் வைக்கோலைப் பரப்பிக் கொளுத்தினார்கள். வயல் பாளம் பாளமாக வெடித்தது. அடடா, அந்த வெடிப்பைப் பார்த்து வைரக்கண்ணுவுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. அதுவும் வயலில் விழாமல் துண்டில் துடைத்துக்கொண்டான்.

அதிகாரி வந்தார். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "பிரமாதம்!" என்று பேனாவைத் திறந்தார்.

படபடவென்று கோடை மழை பிடித்துக்கொண்டது.

"ஐயய்யோ, நான் இன்னும் கையெழுத்துப் போடலைய்யா! நனைய விடாதீங்க!" என்று அலறிய அதிகாரி, தன் குடையை விரித்து வயலுக்குப் பிடித்துவிட்டுத் தொப்பலாக நனைந்தார். ஊரே பாய், தார்ப்பாய், ஜமுக்காளம் என்று தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வயலை மறைத்து நின்றது.

அடுத்த ஊர்க்காரர் ஒருவர் ஏர் மாட்டோடு குஷியாகப் போய்க்கொண்டிருந்தார். "ஏப்பா வைரக்கண்ணு, மழை நல்லா இறங்குது. விதைநெல் நான் தர்றேன், வந்து விதைப்பா!"

வேட்டியை அவிழ்த்து வயலுக்கு மேலே விரித்துப் பிடித்திருந்த வைரக்கண்ணுவுக்கு வந்ததே கோபம்!

"போய்யா அந்தப் பக்கம்! விதைநெல்லுக்குப் பணம் வர்ற நேரத்துல விதைக்கச் சொல்றியே, உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?"