தோளைத் தடவிக்கொண்டு வந்தவர்

"வெள்ளையப்பனைக் கொடுத்துடலாமா சாமி?"

கேட்டவர் தவசி, ஒரு கபடி அணியின் கோச். கேட்கப்பட்டவர் மலையடிவாரத்து மடத்தின் மௌனசாமி. தவசியைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நன்றாகவே பேசுவார். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஊரில் மூன்று விளக்கங்கள் உண்டு. மூன்றும் தவறு.

"யாருக்கு?"

"வடக்கே ஒரு டீம். பதிலுக்கு இருபது வயசுல ரெண்டு பேரைத் தர்றாங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"அவருக்கு வயசு?"

"முப்பத்தேழு. ஒரு காலத்துல அவன் பாடிப் போனா மைதானமே எழுந்து நிக்கும் சாமி. எதிராளி ஏழு பேரும் அவன் முன்னால கோழிக்குஞ்சு மாதிரி ஒடுங்குவாங்க."

"இப்போ?"

"முதல் ஆளா நான்தான் போவேன்னு அடம். போறான், பிடிபடுறான். ஆறு ஆட்டமா இதே கதை. அவுட்டானதுக்கு வெட்கமாவது படணுமே? தோளைத் தடவிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி நடந்து வர்றான்."

சாமி எழுந்தார். காலால் மணலில் ஒரு கோடு கிழித்தார். விறகு பிளந்துகொண்டிருந்த சீடர்கள் ஏழு பேரைக் கூப்பிட்டுக் கோட்டுக்கு அப்பால் நிறுத்தினார்.

"போங்க கோச். ஒருத்தரைத் தொட்டுட்டு வாங்க."

"நானா? எனக்கு ஐம்பத்தொண்ணு."

"பாடுங்க."

தவசி பாடிக்கொண்டு போனார். நான்காவது 'கபடி'யில் விழுந்தார். மேலே ஏழு பேரும் விழுந்தார்கள். அப்படிப்பட்ட குவியலில் முதலில் பிடித்த கை யாருடையது என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. அடியில் கிடப்பவருக்கு மட்டுமே தெரியும்.

நொண்டிக்கொண்டு வெளியே வந்தார்.

காரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்த டிரைவர் பீட்டரை சாமி பார்த்தார்.

"நீங்க போங்க."

பீட்டர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். வலது ஓரமாகவே ஆடினார். ஒருவருக்கு இரண்டு பேராகத் தொட்டுவிட்டு மூச்சு விடாமல் கோட்டைத் தாண்டி வந்தார்.

தவசிக்கு எரிச்சல். "எப்படிடா?"

"குவியல்ல ஒண்ணும் தெரியல சார். ஆனா நீங்க இடது கணுக்காலைத் தேய்ச்சுக்கிட்டே வந்தீங்க. சரி, அந்தப் பக்கம் ஏதோ முதலை இருக்குன்னு நான் போகல."

சீடர்களில் இடது கோடியில் நின்ற பருமனானவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சாமி கேட்டார்: "கடைசி ஆட்டத்துல வெள்ளையப்பன் எந்தத் தோளைத் தடவினார்?"

"வலது."

"அடுத்து போனவர்?"

"இடது பக்கமே ஆடி மூணு பேரை..."

தவசி நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது.

"அதுக்கு முந்தின ஆட்டத்துல?"

தவசி மணலில் உட்கார்ந்துவிட்டார். விரல்விட்டு ஒவ்வொரு ஆட்டமாக யோசித்தார். முழங்கால். இடுப்பு. மறுபடியும் முழங்கால். ஒவ்வொன்றுக்கும் அடுத்து ஒரு பையன் கையை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பையன்களைத்தான் அவர் ஆறு முறையும் கட்டிப்பிடித்திருந்தார்.

விரல்களை மடக்கிக்கொண்டு சொன்னார்: "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி."

"கேட்டீங்களா?"

"திட்டினேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"'அடுத்த ஆட்டத்துலயும் நானே முதல்ல போறேண்ணே'ன்னான்."

சீடர்கள் விறகுக்குத் திரும்பினார்கள். சாமி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, வானிலை விசாரிப்பவர் போலச் சொன்னார்:

"கொடுக்கிறதா இருந்தா எங்களுக்குக் கொடுங்க. மடத்து டீம் மூணு பொங்கலா தோத்துக்கிட்டே இருக்கு."

தவசி அதற்குள் காரில் ஏறியிருந்தார்.

"உங்களுக்கும் கிடையாது சாமி. வண்டியை எடு பீட்டர்."