தலையணைப் பஞ்சு

மலையடிவாரத்தில் ஒரு சிறிய தவக்கூடம். அதன் குரு நீலாம்பிகை அம்மாவுக்கு நாற்பது வயது. அவரிடம் வந்து சேர்ந்த தனுஷ்கோடிக்கு ஐம்பத்தெட்டு. தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் குருவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

விடியற்காலை மணி அடிக்கும் முன்பே தனுஷ்கோடி பாயில் எழுந்து உட்கார்ந்திருப்பார். பெரிய சாதகர் என்று மற்றவர்கள் மெச்சினார்கள்.

ஒரு நாள் அவர் குருவிடம் வந்தார்.

"அம்மா, நான் சீக்கிரம் எழுவதில்லை. தூங்குவதே இல்லை. ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்கிறார் டாக்டர். உடம்பில் தெம்பும் இருக்கிறது. தூக்கம்தான் வரவில்லை. இப்படியே போனால் இங்கிருந்து கிளம்ப வேண்டியதுதான்."

"மாத்திரை டப்பாவைக் கொண்டு வாருங்கள்."

கொண்டு வந்தார். குரு அதைக் காதருகே வைத்து ஆட்டினார். சத்தம் இல்லை. மூடியைத் திறந்தார். மாத்திரைகளுக்கு மேல் இலவம்பஞ்சு அடைத்திருந்தது.

"இது ஏது?"

"என் தலையணையிலிருந்து பிய்த்தது. இருட்டில் எடுக்கும்போது டப்பா கலகலக்கும். பக்கத்துப் பாய் சாந்தலிங்கத்துக்குப் பாம்புக் காது."

"இரவில்தான் விழுங்க வேண்டுமா?"

"காலையில், சாப்பிட்ட பிறகு என்றுதான் டாக்டர் சொன்னார். இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடுமாம்."

"பிறகு ஏன் இரவில்?"

"காலையில் எல்லோரும் இருப்பார்களே அம்மா."

குரு பஞ்சு முழுவதையும் வெளியே எடுத்தார். கை நிறைய இருந்தது.

"மாத்திரைகளுக்கு நல்ல மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அவை தூங்குகின்றன."

தனுஷ்கோடி தலை குனிந்தார்.

"பஞ்சு உங்களுடையது. திரும்ப எங்கே வைப்பது என்பதும் உங்கள் முடிவுதான்."

அன்று பஞ்சு டப்பாவுக்குள்தான் போனது. மறுநாளும் அங்கேயே இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை, எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். தனுஷ்கோடி டப்பாவைத் தட்டருகே வைத்தார். பஞ்சைப் பிடுங்கினார். டப்பாவை ஒரு முறை ஆட்டினார். எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன ஐயா, சுகரா?" என்றார் சாந்தலிங்கம்.

"இல்லை. எச்.ஐ.வி."

சாந்தலிங்கம் கஞ்சியைக் கீழே வைத்தார்.

"இதை வைத்துக்கொண்டா இத்தனை மாதம் என் பக்கத்தில் படுத்திருந்தீர்கள்?"

"ஆமாம்."

"ஒட்டிக்கொள்ளாதா?"

"பக்கத்தில் படுத்தால் ஒட்டாது. ஒன்றாகச் சாப்பிட்டாலும் ஒட்டாது."

சாந்தலிங்கம் எழுந்து வெளியே போனார். தனுஷ்கோடியின் விரல்கள் டப்பாவை இறுக்கிக்கொண்டன. குரு கஞ்சியைத் தொடர்ந்து குடித்தார்.

சாந்தலிங்கம் ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தார். அதைத் தனுஷ்கோடியின் முன்னால் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகள் விழுந்தன.

"இது சுகருக்கு. இது பிரஷருக்கு. இது முழங்காலுக்கு. இது எதற்கென்று எனக்கே மறந்துவிட்டது. உங்களுக்கு எத்தனை?"

"ஒன்றுதான்."

"ஒரே ஒன்றுக்கா புரண்டு புரண்டு என் தூக்கத்தையும் கெடுத்தீர்கள்? மூட்டைப்பூச்சி என்று நினைத்து உங்கள் பாயை நான் இரண்டு தடவை வெயிலில் போட்டேனே ஐயா."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தனுஷ்கோடி கஞ்சியைக் குடித்து முடித்தார். மாத்திரையை வாயில் போட்டு, செம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தார்.

பஞ்சைக் குருவிடம் நீட்டினார்.

"இனி இது எனக்கு வேண்டாம் அம்மா."

"இருக்கட்டும். ஏதாவது வேலைக்கு ஆகும்," என்று குரு அதை வாங்கி மாடத்தில் வைத்தார்.

சில வாரங்கள் போயின. ஒரு விடியற்காலையில் சாந்தலிங்கம் குருவின் முன் வந்து நின்றார். அந்த மாதம் மணி அடிக்கும் முறை அவருடையது.

"அம்மா, தனுஷ்கோடி ஐயா எழுந்திருக்கவில்லை. படுத்தவர் புரளக்கூட இல்லை. குறட்டை வாசல்வரை கேட்கிறது."

"சரி."

"மணி அடிக்கவா, வேண்டாமா?"

"நேரம் ஆகிவிட்டதே. அடிக்காமல் எப்படி?"

சாந்தலிங்கம் மனமில்லாமல் மணியை நோக்கி நடந்தார்.

"சாந்தலிங்கம், மாடத்தில் அந்தப் பஞ்சு இருக்கிறது. முதலில் அதை மணியின் நாக்கில் சுற்றுங்கள்."