இரைச்சல் போன வழி

"நாலு மாசமா உங்ககூடச் சுத்துதேன் டீச்சரம்மா. ஒரு வித்தையும் நீங்க சொல்லித் தரலை" என்றார் கொம்பையா.

ஜெபக்கனி பள்ளிக்கூடச் சுவரில் சுவிட்சுப் பெட்டி மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அதான், நானே ஒண்ணு செஞ்சுட்டேன்."

கொம்பையாவுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருசம் கோயில் கொடை விழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டினவர்.

ஜெபக்கனிக்கு முப்பத்திரண்டு. புளியங்குடியில் வீட்டு வயரிங் என்றால் முதலில் அவளுக்குத்தான் போன் வரும்.

வீட்டு வயரிங் படிக்க வேண்டும் என்று அவளிடம் வந்தார். முதல் நாள் கேலியாகத்தான் டீச்சரம்மா என்று கூப்பிட்டார். பிறகு கேலி போய்விட்டது, பேர் மட்டும் தங்கிவிட்டது.

"என்ன செஞ்சீக அண்ணாச்சி?"

"மக வீட்டுல பாட்டுப் பெட்டி இரைஞ்சுது. புது ஆம்ப்ளிஃபயரு. ஆன் பண்ணுனா போதும், பாட்டுக்கு அடியில 'உம்'முனு ஒரு சத்தம். வண்டு சுத்துத மாதிரி. மருமகன் வாய் திறந்து ஒண்ணும் சொல்லலை. ஆனா ஒரு பார்வை பாக்காரு பாருங்க, மைக் செட் மாமாவுக்கு இது தெரியலையேன்னு."

"பொறவு?"

"வயரை மாத்தினேன். ஸ்பீக்கரை மாத்தினேன். நிக்கலை. கடைசியில நேத்து பிளக்குல மூணாவது காலை ஒடிச்சேன். மேல தடியா இருக்கும்லா, எர்த்து பின்னு, அதை. பந்தல்லயோ வீட்டுலயோ இரைச்சல் வந்தா எங்க ஆளுக எல்லாரும் செய்யுததுதான். கட்டிங் பிளேயரை வச்சு ஒரு திருகு. சட்டுனு நின்னுட்டு."

"எங்க போச்சு?"

"எது?"

"இரைச்சல்."

கொம்பையா சிரித்தார். "நின்னு போச்சுங்கேன். நின்னது எங்க போவும்?"

ஜெபக்கனி இப்போதுதான் திரும்பினாள்.

"மக வீட்டுல பச்சப்பிள்ளை இருக்குல்லா?"

"பத்து மாசம். நிக்கப் பழகுதா."

"எதைப் பிடிச்சு?"

"கைக்கு அம்புட்டதைப் பிடிச்சு."

அவள் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டாள். சுவிட்சுப் பெட்டி ஒற்றை ஆணியில் கோணலாகத் தொங்கியது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அவள் கிளம்பி அவர் பார்த்ததில்லை.

"மகளுக்குப் போன் போடுங்க. நாம போற வரைக்கும் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கக் கூடாது. அவளும் எதையும் தொடக் கூடாது."

"எதுக்கு?"

"போடுங்க."

போட்டார்.

அவர்கள் போனபோது மகள் முத்துச்செல்வி வாசலிலேயே நின்றாள். இடுப்பில் பிள்ளை. முகத்தில் கோபம்.

"எப்பா, என்ன விளையாட்டு இது? கால் மணி நேரமா நிக்கேன். இறங்கணும்னு என்னைய எட்டி எட்டி உதைக்கா உங்க பேத்தி."

"பாட்டுப் பெட்டி எப்படிம்மா இருக்கு?" என்றாள் ஜெபக்கனி.

"தேன் மாதிரி இருக்கு அக்கா. பொட்டுச் சத்தம் இல்லை."

கொம்பையா நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஃப்ரிட்ஜு எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, பழைய ஃப்ரிட்ஜு, ஓடுது. நேத்துலருந்து கதவைத் தொட்டா லேசா சுருக்குங்குது. குளிர்ச்சி கூடிட்டுன்னு நினைச்சேன். செருப்புப் போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியலை."

ஜெபக்கனி உள்ளே போனாள்.

பையிலிருந்து ஒரு குண்டு பல்பை எடுத்தாள். ஹோல்டரோடு இரண்டு வயர் தொங்கியது. ஒரு முனையைப் பிளக் பாயிண்டில் கரண்டு வரும் ஓட்டையில் வைத்தாள். மறு முனையை மேலே உள்ள எர்த்து ஓட்டையில் வைத்தாள்.

எர்த்து வயர் மண்ணைத் தொட்டிருந்தால் எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை.

சமையலறைக்குப் போனாள். டெஸ்டரை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தாள். கதவில்தான், வயரில் அல்ல.

டெஸ்டர் எரிந்தது.

"ஃப்ரிட்ஜு கெட்டுப்போயிருக்கு" என்றார் கொம்பையா. "அதுக்கும் நான் பாத்த பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் போய் மெயினை இறக்கினாள். மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது.

"அண்ணாச்சி, இப்ப நீங்கதான் கரண்டு."

"நானா?"

"ஃப்ரிட்ஜுல இருந்து கசியுத கரண்டு. உங்களுக்கு மண்ணுக்குப் போகணும். போங்க."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எப்பா, தொப்பை வச்ச கரண்டை இப்பத்தான் பாக்கேன்."

கொம்பையா கூச்சத்தோடு நடந்தார். ஃப்ரிட்ஜின் பிளக்கிலிருந்து சுவரில் போகும் வயர்க் குழாயோடு போனார். குழாய் பின்வாசலைத் தாண்டியது. வெளிச்சுவரில் பச்சை வயர் ஒன்று இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டே குனிந்தார்.

புதிதாகப் போட்ட துவைகல்லுக்குப் பின்னால் வயர் முடிந்துவிட்டது. வெட்டுப்பட்ட முனை மட்டும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது.

"சித்திரையில கொத்தனாரு வெட்டினாரு" என்றாள் முத்துச்செல்வி. "என்ன வயருன்னு கேட்டேன். சும்மா கிடக்குத வயரு, இடைஞ்சலா இருக்குன்னாரு."

"இதுல மண்ணுக்குப் போக முடியாது" என்றார் கொம்பையா.

"வேற வழி பாருங்க."

அவர் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். வீட்டில் எல்லாப் பிளக் பாயிண்டுக்கும் அதே பச்சை வயர்தான் போகிறது. அதோடு கூடத்துக்கு நடந்தார். பாட்டுப் பெட்டியின் பிளக்குக்கு வந்தார். மூன்றாவது கால் ஒடியாமல் இருந்து, அதில் ஏறிப் பெட்டிக்குள் போனால், அங்கிருந்து டி.வி.க்கு ஒரு வயர். டி.வி.யிலிருந்து கேபிள். கேபிள் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகிறது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

"இப்படிப் போகலாம். வெளிய எங்கயாவது மண்ணைத் தொட்டுரும்."

"போகும்போது பெட்டிக்குள்ள புகுந்துதானே போகணும்?"

"ஆமா."

"சத்தம் வருமா?"

கொம்பையா திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்.

"வரும்" என்றார். "'உம்'முனு வரும்."

"இன்னொரு தடவை போங்க. முதல்ல இருந்து."

"இன்னொரு தடவையா? பேத்தி சிரிக்கா டீச்சரம்மா."

"சிரிக்கட்டும். போங்க."

மறுபடியும் ஃப்ரிட்ஜிலிருந்து கிளம்பினார். பின்வாசலுக்குப் போனார். வயர் இல்லை, திரும்பினார். கூடத்துக்கு வந்தார்.

பாட்டுப் பெட்டிக்கு முன்னால் ஜெபக்கனி இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"வழி விடுங்க."

"கால் ஒடிஞ்சிருக்கு. விட முடியாது."

அவர் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மெல்லச் சமையலறைக்குத் திரும்பி, ஃப்ரிட்ஜை ஒட்டி நின்றுகொண்டார்.

"என்ன அண்ணாச்சி?"

"போக வழியில்லை."

"அப்ப?"

"இங்கனயே நிக்கணும்."

"எம்புட்டு நேரம்?"

ஃப்ரிட்ஜ் கதவில் ஆப்பிள் படம் ஒன்று ஒட்டியிருந்தது. நல்ல சிவப்பு. பிள்ளை அம்மாவின் இடுப்பிலிருந்து சரிந்து அதை எட்டியது.

மெயின் இறங்கித்தான் இருந்தது. அது கொம்பையாவுக்கும் தெரியும். ஆனாலும் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாராவது தொடுத வரைக்கும்" என்றார்.

முத்துச்செல்வியின் சிரிப்பு நின்றுபோயிற்று. காலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் வெறுங்காலைப் பார்த்தாள்.



ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, மெக்கானிக் வந்து பார்க்கிற வரைக்கும் யாரும் மாட்டக் கூடாது என்று வயரைச் சுருட்டி மேலே கட்டினார்கள். பாலும் மாவும் பக்கத்து வீட்டுக்குப் போயின.

துவைகல்லைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளினார்கள். அடியில் எர்த்துக் குழி தண்ணீர் இறங்காமல் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கம்பியைச் சுரண்டித் துடைத்து, புது வயர் இழுத்து, போல்ட்டைப் போட்டு முறுக்கினார்கள். குழிக்குள் நாலு குடம் தண்ணீர் போயிற்று. அத்தனை குடமும் கொம்பையாதான் தூக்கினார். பாட்டுப் பெட்டிக்கு மூன்று காலோடு புது பிளக்கும் அவரே போட்டார்.

மெயினை ஏற்றினார்கள்.

பல்பை எர்த்து ஓட்டையில் வைத்துப் பார்க்கச் சொன்னாள் ஜெபக்கனி. வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

பாட்டுப் பெட்டியைப் போட்டார்கள். பாட்டு ஒன்றும் வைக்கவில்லை. சும்மா ஆன் பண்ணி, சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தார்கள்.

ஒரு சத்தமும் இல்லை.

"எப்பா, சுத்தமா இல்லைப்பா!" என்றாள் முத்துச்செல்வி. "இனி உங்க மருமகன் ஒரு பார்வையும் பாக்க மாட்டாக."

கொம்பையா சிரிக்கவில்லை. முட்டி போட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தார். 

"நேத்தும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

ஜெபக்கனி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

முத்துச்செல்வி உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். அதற்குள் அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கையில் கட்டிங் பிளேயர். சட்டைப் பையில், மிச்சமிருந்த புது பிளக் ஒன்று.

"எப்பா, காப்பி ஆறுது. எங்க போறீக?"

அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் நின்று, நெற்றியைச் சுருக்கி, முதலிலிருந்து எண்ணினார்.

"நான் காலை ஒடிச்சுவிட்ட வீடு" என்றார். "ஒன்பது வரைக்கும் ஞாபகம் வருது."